விலங்குகளின் தாகத்தையும் உப்பு வேட்கையையும் மூளையிலுள்ள ஏற்பிகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன?

உப்பு தின்றால் தாகம் எடுப்பதால் இரண்டையும் மூளையின் ஒரே ஏற்பாடுதான் கவனிக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இவை இரு வேறு வேட்கைகள். ஆனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஒரே ஹார்மோன், அணுக்களில் தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் வழியே இரண்டையும் தூண்டக்கூடியது என்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது.

இரத்தத்தின் கரைபொருள் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் உயர்ந்தாலே தாகம் பிறந்துவிடும். மூளையின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு, சப்ஃபார்னிக்கல் உறுப்பு போன்ற சில சிறு இடங்களில் தளர்ந்திருப்பதால், அங்குள்ள நரம்பணுக்கள் இரத்தத்தின் நிலையை நேரடியாக உணர்கின்றன. செறிவு கூடும்போது நரம்பணுவுக்குள் இருக்கும் நீர் வெளியேறி அது சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே சமிக்ஞையாகிறது. 1953இல் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் ஆடுகளின் மூளை அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் அடர்த்தியான உப்புக் கரைசலைச் சிறிதளவு செலுத்தியபோது, உடலில் நீர் குறையாத நிலையிலும் அவை தண்ணீரைக் குடிக்கத் தொடங்கின.

இரத்தத்தின் அளவே குறையும்போது கதை வேறு. அப்போது உப்பின் முக்கியக் கூறான சோடியமும் சேர்ந்து போயிருப்பதால், தண்ணீரை மட்டும் குடித்தால் இரத்தம் மேலும் நீர்த்துவிடும். சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதியால் உருவாகும் ஆஞ்சியோடென்சின், சப்ஃபார்னிக்கல் உறுப்பில் தனக்கான ஏற்பிகளைப் பற்றுகிறது. அதே ஏற்பியைத் தாங்கிய நரம்பணுக்களில் ஒரு தொகுதி தாகத்தையும், வேறிடத்துக்கு இழை நீட்டும் மற்றொரு தொகுதி உப்பு வேட்கையையும் தூண்டுவதை எலிகளில் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் மட்டும் குறைந்தால் உப்புக்கான தொகுதி அடக்கப்படுகிறது. சோடியம் குறைந்தால் தாகத்துக்கான தொகுதி அடக்கப்படுகிறது. ஏற்பி எது என்பதைவிட, அது எந்த நரம்பணுவில் அமர்ந்திருக்கிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

உப்பு வேட்கையைத் தூண்டும் இன்னொரு வழி, உடலில் சோடியத்தைத் தக்கவைக்கும் அட்ரினல் சுரப்பி ஹார்மோனான ஆல்டோஸ்டீரோன். இதற்கான ஏற்பி மூளையில் பரவலாக இருந்தாலும், இரத்தத்தில் பன்மடங்கு மிகுந்திருக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற மற்றொரு அட்ரினல் ஹார்மோனும் அதே ஏற்பியைப் பற்றக்கூடியது என்பதால், ஆல்டோஸ்டீரோனுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. பின்மூளையிலுள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தில் மட்டும் ஒரு நொதி கார்ட்டிகோஸ்டீரோனைச் செயலிழக்கச் செய்து, ஏற்பியை ஆல்டோஸ்டீரோனுக்காக ஒதுக்கி வைக்கிறது. சோடியம் குறைந்த விலங்கில் இந்தக் கூட்டம்தான் விழித்துக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த நுணுக்கம் என்னை வியக்க வைக்கிறது.

ஆல்டோஸ்டீரோன் இல்லாவிட்டால் உப்பு வேட்கை மறைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1936இல் கர்ட் ரிக்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அட்ரினல் சுரப்பிகள் நீக்கப்பட்ட எலிகள் உப்புக் கரைசலைத் தாமே தேடி மிகுதியாகக் குடித்ததைப் பதிவு செய்தார். ஆல்டோஸ்டீரோன் சுரக்காததால் அவற்றின் உடல் சோடியத்தைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருந்தது; அந்நிலையில் பெருகும் ஆஞ்சியோடென்சினே மூளையில் உப்பு வேட்கையைத் தூண்டியது என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. உப்பு கிடைத்த எலிகள் பிழைத்தன. கிடைக்காதவை சில நாட்களில் இறந்தன.