1578 இசைத்தட்டுகள்

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) பாட்டிமார் பாடும் படுகப் பாட்டுகளை நானும் தோழிகளும் பதிவு செய்திருக்கிறோம். “முந்நூறு பேர் வாங்கப்போகிற பாட்டுக்கு எதற்கு வெளியீடு?” என்று கேட்கிறார்கள். பிரான்ஸின் சின்ன இசைத்தட்டு நிறுவனங்களை, அதாவது லேபிள்களைப் பற்றி எழுதுகிறீர்களே, உங்கள் யோசனை என்ன?
- வாசகி, கோத்தகிரி

பதில்: முந்நூறு பேர் தாராளமாகப் போதும் அம்மா.

பிரான்ஸில் ரூவான் என்றொரு ஊர், செய்ன் நதிக்கரையில். தலைநகரிலிருந்து தள்ளி இருக்கும் அந்த ஊரில் ழான்-பியேர் துர்மெல் 1978-இல் நண்பரோடு சேர்ந்து ‘சோர்தீது சாந்திமாந்தால்’ என்ற லேபிளைத் தொடங்கினார். 1980 மார்ச்சில் இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் ராக் குழு பாடிய இரண்டு பாட்டுகளை ஏழு அங்குலத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 1578 பிரதிகள்தான், ஒவ்வொன்றிலும் எண் போட்டு. மே 18 அன்று அந்தக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 23 வயதில் இறந்துபோனார். தட்டில் இருந்த ‘அட்மாஸ்ஃபியர்’ பாட்டு அதே ஆண்டு இங்கிலாந்தில் மறுபடி வெளியாகி ஊரெல்லாம் பரவியது.

எனக்கு அந்த எண்ணிக்கையைவிட உறைதான் முக்கியம். மடித்த ஒரு தாள். வெளியே ழான்-பிரான்சுவா ழமூலின் ஓவியம், உள்ளே துர்மெல் எழுதிய நீண்ட கட்டுரை. பாட்டை விற்றால் போதும் என்று நினைப்பவர் அவ்வளவு எழுதமாட்டார்.

நம் பக்கத்தில் அதுதான் இல்லாமல் போனது. ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய படுகக் கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு அம்மாள் தனியாகப் பாடுகிறார், பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. உறையில் அவர் பெயர் இல்லை. எத்தனையோ ஹட்டிகளில் போட்டுக் காட்டிக் கேட்டுவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. குன்னூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து இரண்டாம் பக்கம் முழுதும் போய்விட்டது. முதல் பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றினேன். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

தட்டு அச்சிடக் கட்டுப்படியாகாவிட்டால் சிடி போடுங்கள். ஆனால் தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். பாடிய பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஹட்டி, வாழ்க்கைப்பட்டு வந்த ஹட்டி, யாரிடம் கற்றார், ஹெத்தை ஹப்பா திருவிழாவில் பாடுவதா சாவு வீட்டில் பாடுவதா, எல்லாம் இருக்கட்டும். படுக வரிகளை எழுதி, பக்கத்திலேயே தமிழில் பொருள் கொடுங்கள். பாட்டிகள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள், அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

அச்சானதும் எழுதுங்கள். ஒரு பிரதிக்குப் பணம் அனுப்புகிறேன்.