11 மணிக் காபி

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நான்கு வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய். சின்டோபா மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு. காலை 9 மணிக்குத் தெருமுனைக் கடைக்குத் தானே நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறவர், 12 மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை என்று அம்மாவைக் கூப்பிடுகிறார். நடிக்கிறாரோ என்று சந்தேகம். பேரனைப் பார்த்துக்கூடச் சிரிப்பதில்லை. மாத்திரையெல்லாம் அம்மா பொறுப்பு. 7 மணிக்கு எழுந்ததும் ஒன்று. 11 மணி மாத்திரையை, அப்போது சமையல் வேலை இருப்பதால், மதியச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுவார். நான் மாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். 11 மணிக்குக் காபி கொண்டுவரும்போதெல்லாம் அம்மா ஒரே புலம்பல். அப்பாவை முதியோர் இல்லம் எதிலாவது சேர்த்துவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: அப்பாவின் மாத்திரை 11 மணிக்கு. உங்கள் காபியும் 11 மணிக்கு. இரண்டில் காபிதான் நேரத்துக்கு வருகிறது, அதுவும் மாடிக்கு!

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு டம்ளரோடு படியேறுகிற மனுஷி எத்தனையைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்? நீங்கள் ஒரு நாள் கீழே இறங்கி வந்து அந்தக் காபியைக் குடித்திருந்தால், இந்தக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அப்பா நடிக்கவில்லை. 7 மணி மாத்திரை வெறும் வயிற்றில் போகிறது, 9 மணிக்கு நடக்கிறார். அதிலுள்ள லெவோடோபா என்ற மருந்து ஒன்றரை மணி நேரத்துக்கொரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். 11 மணிக்கு அடுத்தது வராவிட்டால் 12 மணிக்கு உடம்பு பூட்டிக்கொள்கிறது. பிறகு 1 மணிக்குச் சாம்பார், தயிரோடு கொடுக்கிறீர்கள். பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதம் குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும், மருந்து ஏறுவது இன்னும் தாமதமாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுப்பதுதான் வழக்கம். குமட்டினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிரிக்காததும் கோபத்தால் அல்ல. இந்த நோயில் முகத் தசையும் இறுகிவிடும். பேரனிடம் இதைச் சொல்லுங்கள், பாவம் குழந்தை.

இதே நோய் வந்த எங்கள் பெரியப்பா குளியலறை வாசலில் அப்படியே நின்றுவிடுவார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி கட்டைவிரல் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். 'வீம்பு' என்றோம், நானும்தான் சொன்னேன். ஒரு நாள் யாரோ வாசலுக்குக் குறுக்கே தரையில் சிவப்பு டேப் ஒட்டினார்கள். அதைத் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்து உள்ளே போனார். அன்று நான் வெட்கப்பட்டது இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக் கடன் தவணை தேதியை எந்த ஆண் மகனும் மறப்பதில்லை. அப்பாவின் மாத்திரை மட்டும் 'அம்மா பொறுப்பு' ஆகிவிடுகிறது. பெற்றவரைப் பார்ப்பது வீட்டுப் பெண்களின் வேலை என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான்கு நேரத்துக்கும் உங்கள் போனில் அலாரம் வையுங்கள், அம்மா போனில் வேண்டாம். ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் எழுதி நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தவே கூடாது, கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம், வாந்தி என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு மருந்தைப் போட்டால் நடுக்கமும் இறுக்கமும் கூடிவிடும்.

இல்லம் பற்றிய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் 11 மணிக்கு நீங்களே கீழே வந்து மாத்திரையைக் கொடுங்கள், காபியை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள். பிறகு அந்த நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.