உடல்தானத்தை உயிலில் மட்டும் எழுதிவைக்காதீர்கள்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 79 வயது, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், கடவுள் மறுப்பாளர். இறந்தபின் உடலை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்கச் சொல்கிறார். எரித்துக் கருமாதி செய்யாவிட்டால் அப்பா கரையேற மாட்டார் என்று அக்கா அழுகிறாள். எங்கள் சமூகக் கோயில் கமிட்டி அவள் பக்கம் நின்று, குடும்பத்தையே ஒதுக்கிவைப்போம் என்கிறது. கமிட்டி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: கடிதத்தில் முக்கால்வாசி கமிட்டியைப் பற்றித்தான் இருக்கிறது. திருவிழா வரியை வாங்க மறுத்தது, தேங்காய்மூடி தராதது, அமைப்பாகத் திரண்ட மதம் மனிதனை விழுங்கிவிடும் என்ற உங்கள் வாதம். பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த விஷயத்தில் கோர்ட் அதைக் கேட்காது. அது கேட்கப்போவது ஒன்றுதான்: அப்பா தன் விருப்பத்தை எப்படிப் பதிந்து வைத்தார்?

அதற்கு நீங்கள் சொல்வது, "உயிலில் தெளிவாக எழுதியிருக்கிறார்." அங்கேதான் எனக்குப் பயம். உயிலை எப்போது பிரிப்பீர்கள்? காரியமெல்லாம் முடிந்து, சொத்துப் பேச்சு வரும்போது. அதற்குள் சாம்பல் கரைத்தாகிவிடும். நல்ல உயில் பெட்டிக்குள் இருக்க, உடல் சுடுகாட்டுக்குப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தானத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும். அப்பா கையெழுத்து, இரண்டு சாட்சிகள், ஒரு பிரதி மெடிக்கல் காலேஜின் அனாடமி (உடற்கூறியல்) துறையில்.

எம்.எம். லாரன்ஸ் வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 செப்டம்பரில் அந்த மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் காலமானார். உடலை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்க மகன் முன்வந்தார். கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்ய வேண்டுமென்று ஒரு மகள் கேரள உயர் நீதிமன்றம் போனார். தானம்தான் ஜெயித்தது. 1957-ஆம் வருடத்துக் கேரள அனாடமி சட்டம் இறந்தவரின் விருப்பத்துக்கு இடம் தருகிறது. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரி வரை இழுத்தது. அத்தனை நாளும் உடல் சவக்கிடங்கில். ஜெயித்தவர்களுக்கே அந்த நிலைமை!

அக்கா தரப்பு வக்கீல் நானாக இருந்தால் சட்டத்தோடு மோத மாட்டேன். "கடைசியில் அப்பா மனம் மாறிவிட்டார்" என்று சொல்வேன். ஐசியூவில் யாரோ நெற்றியில் விபூதி பூசி எடுத்த ஒரு போட்டோ போதும், விசாரணை நீள. அதற்கு மாற்று, அப்பாவே தன் வாயால் பேசிய தேதியுள்ள வீடியோ. அதை வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்து வையுங்கள்.

அப்புறம் எல்லைச் சிக்கல். உங்கள் பக்கத்தில் நோய் முற்றினால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிதானே? அங்கே உயிர் போனால் தமிழ்நாட்டு அனாடமி சட்டம், வேறு காலேஜ், வேறு படிவம். இரண்டு மாநிலத்திலும் இப்போதே பதிந்துவிடுங்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக எந்தக் காலேஜும் எடுக்காது. அதைவிட முக்கியம், வாசலில் ஒரு மகள் நின்று "கொடுக்க மாட்டேன்" என்று கத்தினால், சட்டம் என்ன சொன்னாலும் காலேஜ்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

அதனால் வெட்டிப் பேச்சு வேண்டாம், சமரசம் செய்யுங்கள். கோடித்துணி போடட்டும், தேவாரம் பாடட்டும், பதினாறாம் நாள் படத்தை வைத்துக் கருமாதி செய்யட்டும். பதிலுக்கு அப்பாவின் பத்திரத்தில் அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது கஷ்டம். பகுத்தறிவுக் குடும்பத்தில் தேவாரமா என்று உங்களுக்கு உறுத்தலாம்; அப்பா கேட்பது உடல் மாணவர்களுக்குப் போக வேண்டும் என்றுதான், அக்காவின் வாயை அடைக்க வேண்டும் என்று அல்ல. இதை அக்காவிடம் நீங்கள் பேசாதீர்கள், அப்பா பேசட்டும்.

கமிட்டியின் சாமியைக் கிண்டல் செய்து வாட்ஸ்அப்பில் போட்டதாக எழுதியிருந்தீர்களே, அதை இனி தொடாதீர்கள். மதத்தை அவமதிப்பதற்கான பிரிவு அது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ: மூன்று வருடம் வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு அவமதித்ததாக நிரூபித்தால்தான் தண்டனை என்பது உண்மை. ஆனால் நிரூபிக்கும் கட்டம் வருவதற்கு முன்பே கைது வரலாம். அப்பாவின் உயிர் போகும் நேரத்தில் நீங்கள் ஸ்டேஷனில் இருந்தால், உடல் பக்கத்தில் அக்காவும் கமிட்டியும்தான் இருப்பார்கள்.