சி.என்.சி. ரவுட்டர்: பட்டறைக்காரர்கள் கேட்டவை

சி.என்.சி. ரவுட்டர் என்பது கணினி சொல்லும் பாதையில் நகர்ந்து மரத்தை வெட்டும், செதுக்கும் இயந்திரம். திருகோணமலையிலும் சுற்றுப்புறத்திலும் அதை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (கிண்ணியா, கதவு செய்யும் ஓடாவி): நானா, எட்டடிக்கு நான்கடி மேசையுள்ள இயந்திரம் வாங்குவதா, சிறியது போதுமா?

கதவும் சமையலறை அலுமாரியும் உங்கள் தொழிலென்றால் பெரியதுதான். முழுப் பலகை 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்டது. கடைக்காரர் 1325 என்று சொல்லும் இயந்திரத்தின் மேசை 1300க்கு 2500 என்பதால் பலகை அப்படியே படுத்துவிடும். பெயர்ப்பலகையும் சிறு சித்திர வேலையும் மட்டுமென்றால் 600க்கு 900 போதும். எதை வாங்கினாலும் கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். தூசி உறிஞ்சி, நல்ல எர்த் இணைப்பு, தரமான பிட்டுகள் (சுழன்று வெட்டும் அலகுகள்) ஆகிய மூன்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். இவை இல்லாத பெரிய இயந்திரத்தைவிட இவை உள்ள சிறிய இயந்திரம் கூடுதலாக உழைக்கும்.

கேள்வி (பாலையூற்று): அண்ணா, 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) அதற்கான இன்வேர்ட்டரும் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்பெட்டி) வந்திருக்கின்றன. பட்டறையில் சாதாரண 230 வோல்ட் இணைப்புத்தான். ஓடுமா?

ஓடும் தம்பி. சிங்கிள் பேஸ் இணைப்பில் வேலை செய்யும் இன்வேர்ட்டர்தானா என்று அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலுக்குத் தேவையான திரீ பேஸ் மின்சாரத்தை அதுவே உருவாக்கிக் கொடுக்கும்.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நிமிடத்துக்கு 24,000 சுற்றுச் சுற்றும் ஸ்பிண்டில் 400 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. பல இன்வேர்ட்டர்கள் சாதாரண மோட்டாருக்கான 50 ஹேர்ட்ஸ் அமைப்போடுதான் வருகின்றன. அப்படியே ஓட்டினால் 400 ஹேர்ட்ஸில் கொடுக்க வேண்டிய முழு வோல்ட்டும் 50 ஹேர்ட்ஸிலேயே சுருளில் ஏறும். மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் போய்ச் சுருள் எரிந்துவிடும். அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண் இரண்டையும் 400 ஆக்குங்கள். மின்னோட்ட அளவை ஸ்பிண்டிலின் தகட்டைப் பார்த்துப் பதியுங்கள். எவ்வளவு குறைந்த வேகம் வரை ஓட்டலாம் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து அந்த எல்லையையும் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்பிண்டிலின் செருகியில் நான்கு ஊசிகள் இருக்கும். நான்காவது எர்த்துக்கானது. மலிவான ஸ்பிண்டில்கள் சிலவற்றில் அந்த ஊசி உள்ளே உடலோடு இணைக்கப்பட்டிருக்காது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த ஊசியிலும் மறுமுனையை ஸ்பிண்டிலின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். தொடர்பு காட்டாவிட்டால் தகுதியான மின்வேலைக்காரரைக் கொண்டு இணைப்பித்த பிறகே ஓட்டுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கேள்வி (தம்பலகாமம்): தேக்கில் வெட்டும்போது விளிம்பு கருகுகிறது, பிட்டும் விரைவில் மழுங்குகிறது. நகரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

குறைத்ததால்தான் மோசமானது. பிட்டின் ஒவ்வொரு வெட்டுவாயும் மரத்தைக் கடித்து எடுக்க வேண்டும். கடிக்க இடம் கொடுக்காமல் ஒரே இடத்தில் சுற்றவிட்டால் அது தேய்க்கும், தேய்த்தால் சூடேறும். கணக்கு எளிது: சுற்று வேகத்தை வெட்டுவாய்களின் எண்ணிக்கையாலும் ஒரு வாய் எடுக்க வேண்டிய தடிப்பாலும் பெருக்குங்கள். 18,000 சுற்று, இரண்டு வாய், 0.1 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 3600 மி.மீ. வேகத்தில் நகர்த்த வேண்டும். உங்கள் இயந்திரம் அந்த வேகத்தில் அதிர்ந்தால் சுற்று வேகத்தை 12,000க்கு இறக்குங்கள். அப்போது 2400 போதும். 6 மி.மீ. பிட்டுக்கு ஒரு தடவையில் 3 மி.மீ. ஆழத்தோடு தொடங்குங்கள்.

கழிவைக் கையில் அள்ளிப் பாருங்கள். மாவுபோல் இருந்தால் தேய்க்கிறது, சிறு சீவல்களாக இருந்தால் வெட்டுகிறது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, அது வெட்டுவாயைத் தின்னும். கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) பிட் தவிர வேறெதையும் அதில் போடாதீர்கள்.

கேள்வி (உப்புவெளி): பிளைவுட்டின் மேல் விளிம்பு சிதறுகிறது. கடைசிச் சுற்றில் துண்டு துள்ளியும் எழும்புகிறது.

உங்கள் பிட் சீவலை மேலே இழுக்கும் வகை. சீவலைக் கீழே அழுத்தும் வகையைப் போட்டால் மேல் விளிம்பு சுத்தமாக வரும். துண்டு துள்ளாமலிருக்க அதை முழுவதும் வெட்டிப் பிரிக்காமல், நான்கைந்து இடங்களில் சிறு பாலங்களை விட்டு, பிறகு கையால் அறுத்தெடுங்கள். பலகையை இறுக்கும் திருகாணிகள் பிட் போகும் பாதையில் இல்லை என்பதை ஓட்டுவதற்கு முன் பாருங்கள்.

கேள்வி (மூதூர்): முதிரை வெட்டும் நாட்களில் கழுத்தும் கையும் அரிக்கின்றன.

அது முதிரைத் தூசியின் குணம். பலருக்குத் தோல் அழற்சியே வரும். நீண்ட கைச்சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் குளியுங்கள். உடம்பில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். அரிப்பு நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். எந்த மரமானாலும் தூசியை அலட்சியப்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்திருக்கிறது. மூக்குக்குழியில் வரும் புற்றுநோய் அதில் முக்கியமானது. மின்விசிறியை வாசல் பக்கம் திருப்பி வைப்பது போதாது. பிட்டைச் சுற்றித் தூரிகைக் கவசம் பொருத்தி, தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். முகக்கவசமும் வேண்டும்.

கேள்வி (சாம்பல்தீவு): கடற்காற்றில் இயந்திரம் நகரும் தண்டவாளம் துருப்பிடிக்கிறது.

மாலையில் தூசியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி மூடிவையுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மேசை மேலுள்ள எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஈரம் குடித்து உப்பும், ஆழம் மாறும். மீண்டும் சீவிச் சமப்படுத்துங்கள். நீரில் குளிரும் ஸ்பிண்டிலுக்குக் கிணற்று நீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர் விடுங்கள்.

கேள்வி (நகரம், பெயர்ப்பலகை செய்யும் சகோதரி): அண்ணா, தமிழ் எழுத்துகளை வி வடிவ பிட்டால் செதுக்கும்போது சில இடங்களில் பலகை ஓட்டையாகிறது.

தங்கச்சி, இந்த முறையில் கோட்டின் அகலம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 90 பாகை பிட்டில் ஆழம் அகலத்தில் பாதி. 60 பாகையில் அகலத்தின் 0.87 மடங்கு. 20 மி.மீ. தடித்த கோட்டை 60 பாகை பிட்டால் செதுக்கினால் 17 மி.மீ.க்கு மேல் இறங்கும். 18 மி.மீ. பலகையில் என்ன மிஞ்சும்? 90 பாகை பிட்டை எடுங்கள், அல்லது மென்பொருளில் உச்ச ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். மெல்லிய எழுத்துருவானால் 60 பாகையே அழகு. ண, ழ போன்றவற்றின் வளைவுகளுக்கிடையே மிஞ்சும் மரம் மிக ஒடுங்கினால் உடைந்துவிழும், அதனால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். பழைய மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழுவதுண்டு. எழுத்தை வேறு வரைகலை மென்பொருளில் கோடுகளாக மாற்றிய பிறகு கொண்டுவாருங்கள். மரத்தில் இறக்குமுன் திரையில் வாசித்துப் பாருங்கள்.