வாசகர் கேள்வி – பதில்: வழி அடைபட்டதா, விலை ஏறியதா?

கேள்வி: பாலக்கோடு அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஐரோப்பியர் வருகைப் பாடத்தைத் தொடங்கியதுமே, "அவர்கள் ஏன் சார் அவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்ததால் இந்தியாவுக்கு வரும் வழி அடைபட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறேன். மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தம் என்று விளக்கப் புகுந்தால் வகுப்பு கொட்டாவி விடுகிறது. இரண்டு பாடவேளைக்குள் என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: மாணவர்களின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் நீங்கள் சொல்லும் விடையைச் சற்றே திருத்த வேண்டும். 1453க்குப் பிறகும் மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்கும், அங்கிருந்து வெனிஸ் வணிகர்களின் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. கைமாறிக் கைமாறி விலை ஏறிய அந்தச் சரக்கை, இடைத்தரகர் இல்லாமல் விளையும் கரையிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதே 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ டகாமாவை அனுப்பிய போர்ச்சுகீசியரின் முதன்மையான கணக்கு. பாலக்கோடு மண்டியில் அப்பா ஒரு கூடைத் தக்காளியை என்ன விலைக்குக் கொடுத்தார், அதுவே சென்னைக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தக்காளியையே அடுத்த கேள்வியாக்கலாம். தக்காளி, மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி ஆகிய நான்கும் கொலம்பஸ் அங்கே போன 1492க்கு முன்பு அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அறியப்படாதவை. (ராகிக் களி அதற்கும் வெகு காலம் முந்தியது, அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்தான் இல்லை.) மிளகைப் போலக் காரமாக இருந்த புதிய காய்க்கு நம்மவர் 'மிளகாய்' என்று பெயரிட்டதைப் போலவே, கொலம்பஸின் ஆட்களும் அதை மிளகின் பெயரால்தான் அழைத்தார்கள். கொலம்பஸ் உலகம் உருண்டை என்று நிரூபிக்கப் புறப்பட்டார் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அது படித்தவர்கள் முன்பே அறிந்த செய்தி. பூமியின் சுற்றளவைக் குறைத்துக் கணக்கிட்டதே அவர் செய்த பிழை.

இரண்டாம் பாடவேளையை அச்சுக்கே கொடுத்துவிடுங்கள். ஓவியர்களின் பெயர்ப் பட்டியலால் மறுமலர்ச்சி எந்தப் பிள்ளையின் மனத்திலும் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. 1455ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டார். 1517இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரின் வாதங்கள் அச்சேறியதால்தான் ஊர் ஊராகப் பரவின. வேதத்தை அவரவர் தம் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று கருதிய அவர், 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அதே கொள்கையுடன் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மதபோதகர் சீகன்பால்க், 1715க்குள் அதைத் தமிழிலும் அச்சிட்டு முடித்தார். எதிர்த்தரப்பான கத்தோலிக்கரும் சும்மா இருக்கவில்லை: 1540இல் போப்பின் ஒப்புதல் பெற்ற இயேசு சபையைச் சேர்ந்த என்ரிக்கே என்ரிக்கசின் 'தம்பிரான் வணக்கம்', 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாகிவிட்டது. ஐரோப்பியச் சமயப் பூசலின் இரு தரப்பாரும் தமிழுக்கு எழுத்து வார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், கொட்டாவி வராது.

கேள்வி: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோவை உயிரோடு எரித்துவிட்டார்கள் என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சொல்கிறாள். உண்மையா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: இல்லை. 1600இல் ரோம் நகரில் எரிக்கப்பட்டவர் இத்தாலியத் தத்துவ அறிஞர் ஜியார்டானோ புரூனோ. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் பெரும்பாலானவை சமயக் கோட்பாடுகளைப் பற்றியவை. கலிலியோ 1633இல் விசாரிக்கப்பட்டு, தம் கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டுச் சொன்ன பின், 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். அந்தக் காவலில் இருந்தபடியே எழுதி முடித்த இயற்பியல் நூலை அவர் வெளியே அனுப்ப, அது 1638இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. இத்தாலியிலிருந்து லெய்டன் எவ்வளவு தூரம் என்று மகளையே வரைபடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.