ஓம், வேல், ஜென் வட்டம்: இந்து சமயச் சின்னங்களும் ஜென் சின்னங்களும் சொல்வது ஒரே பொருளைத்தானா?

ஒரே பொருள் இல்லை என்றுதான் நான் சொல்வேன். கிட்டத்தட்ட ஒரே இடம்வரை நம்மைக் கூட்டிப்போகும், அதற்கப்புறம் வழி பிரிந்துவிடும். நான் மட்டக்களப்புச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு சில வருஷம், ஜென் என்ற தியான வழிப் பௌத்தம் வேரூன்றிய ஜப்பானில் படித்தேன். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். சின்ன வயதில் அம்மம்மா குருமண்வெளித் துறையில் பாதை ஏற்றி என்னைக் கூட்டிப்போவார். (வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பெயர்.) மற்றக் கோயில்களில் திரை விலகும், தீபத்தில் சாமி முகம் தெரியும். மண்டூரில் திரை விலகாது. பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மந்திரச் சத்தமே கேட்காது. நாங்கள் திரையைப் பார்த்துக் கும்பிடுவோம்.

"உள்ளுக்க என்ன இருக்கு அம்மம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்கவா மனே வந்தநாம்? கும்பிடத்தானே வந்தநாம்" என்றார்.

ஓங்காரத்தைப் படித்தபோதுதான் இது எனக்கு விளங்கத் தொடங்கியது. அ, உ, ம் என்று மூன்று எழுத்தைச் சொல்லிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் அங்கே நிற்பதில்லை. அ நனவு, உ கனவு, ம் ஆழ்ந்த உறக்கம். நாலாவதற்கு எழுத்தே இல்லை. அதுதான் துரியம். 'ம்' அடங்கிய பிறகு இருக்கும் மௌனத்தில் அதைத் தேடு என்பார்கள். மண்டூரில் வாயைக் கட்டிச் செய்யும் பூசையை நான் அந்த மௌனமாகவே பார்க்கிறேன். வேலும் அப்படித்தான். ஆயுதம் மாதிரித் தெரியும், ஆனால் கூர்மை, அகலம், ஆழம் மூன்றும் சேர்ந்த ஞானம் என்றே பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜென் வட்டத்துக்கு ஜப்பானிய மொழியில் என்ஸோ என்று பெயர். மைத் தூரிகையை வைத்து ஒரே வீச்சில் சுற்றிவிட வேண்டும். திருத்த இடமில்லை. சில வட்டங்களின் முனைகள் சேராமலே நிற்கும். கியோட்டோவில் கென்கோஅன் என்ற ஜென் கோயிலில் இரண்டு சன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சதுரமானது மயக்கத்தின் சன்னல், அதன் மூலைகள் பிறப்பு, மூப்பு, நோய், சாவு. வட்டமானது விழிப்பின் சன்னல். இரண்டுக்கும் வெளியே இருப்பது ஒரே தோட்டம்தான்! அந்தப் பாயில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே கும்பிட ஒன்றுமில்லை, பார்க்க மட்டும்தான். அம்மம்மா சொன்னதற்கு நேர் எதிர்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மண்டூரில் திரைக்குப் பின்னால் முருகன் இருக்கிறார். என்ஸோவுக்குப் பின்னால் யாரும் இல்லை, எதுவும் மறைக்கப்படவும் இல்லை. உயர்ந்த புனித உண்மை எது என்று சீன மன்னர் ஊ கேட்டபோது, "வெட்டவெளி, புனிதம் என்று ஒன்றுமில்லை" என்று போதிதருமர் சொன்னதாக ஜென் மரபு சொல்கிறது. அதை அம்மம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் திரைதான் அவருக்கு முருகன்.

சிதம்பரத்திலும் திரைக்குப் பின்னால் வெறும் வெளிதானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அந்த வெளியில் பொன் வில்வ மாலை தொங்குகிறது. நாம் வெளிக்கும் மாலை சூட்டுகிறவர்கள். ஜென் மாலையையும் கழற்றி வைத்துவிடுகிறது. 'எல்லாம் ஒன்றுதான்' என்று அவசரமாகச் சொன்னால் இந்த மாலையும் போய்விடும், அந்தத் துணிச்சலும் போய்விடும்.

ஜென்னில் மாடு தேடும் பத்துப் படங்கள் உண்டு. மாடு என்பது தேடுபவரின் உண்மை இயல்பு. எட்டாவது படம் வெறும் வட்டம். அத்தோடு முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. பத்தாவதில் தேடிப் போனவர் சந்தைக்குத் திரும்பி வருகிறார். அந்தப் படத்தைப் பார்த்ததும் மண்டூரில் இருந்து பாதையில் திரும்பி வரும் அம்மம்மாதான் நினைவுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மடியில் பிரசாதம், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இறால் என்ன விலை போகுது என்று கேட்டுக்கொண்டு.