ஜூன் 15-ல் பிறக்கும் வருஷம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, டிசம்பர் பிறந்ததில் இருந்து அந்தப் பக்கத்துத் தபாலும் மெயிலும்தான் மேஜையில் அதிகம் சேர்ந்துவிட்டது, அதிலும் பாதிக்கு மேல் "இந்த வருஷம் நான் வளர்ந்தேனா" என்பதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் வந்தால் போதும், தெரிந்தவன் எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இந்த ஆண்டு நான் சாதித்தவை" என்று போடுகிறான். நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். யோசித்துப் பார்த்தால் போனேன், வந்தேன் என்பதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஜிபிஎஸ்ஸில் இடம் குறித்து வைக்க இந்த வருஷம் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். என்னிடம்தான் கோளாறா?
— வாசகர், மண்டபம்

பதில்: கோளாறு காலண்டரில். உங்கள் வருஷம் டிசம்பர் 31-ல் முடிவதே இல்லையே, அப்புறம் அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் எப்படி வரும்? சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14, மறுநாள் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுகிறது, ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றி மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் பார்ப்பதும் கிழிந்த வலையைச் சரி செய்வதும் அப்போதுதான். அதாவது உங்கள் தொழிலில் ஆண்டு முடிவு, விடுமுறை, பழுதுபார்ப்பு மூன்றும் ஒன்றாக வருகிற காலம் சித்திரை, வைகாசி. புதுவருஷம் பிறப்பது ஜூன் 15-ல், படகு இறங்கும்போது. டிசம்பரில் உங்களுக்கு வாடைக்காற்று, பாம்பனில் புயல் கூண்டு, கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை, இதற்கு நடுவில் சாதனையை எங்கே போய்த் தேடுவது?

இது உங்களுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் முண்டு மிளகாய் போட்டவரிடம் இப்போது போய் "வருஷம் எப்படி அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார். செடி இன்னும் காட்டில் நிற்கிறது, பழம் பறித்துக் காயவைத்து விலை தெரிய மாசி, பங்குனி ஆகிவிடும். (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்தான், ஆனால் மழைக்கு அது தெரியாதே.) கடைக்காரருக்கு ஏப்ரல் 1, பள்ளிக்கூடத்துக்கு ஜூன். கீழக்கரையில் நோன்பையும் பெருநாளையும் வைத்து ஆண்டை எண்ணுகிற வீடுகள் எத்தனையோ, ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் அது ஜனவரியோடு ஒட்டவே ஒட்டாது. ஆக, ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் அலுவலகக் காலண்டரில் வாழ்கிறவர்கள், போட்டுவிட்டுப் போகட்டும்.

தடைக்காலம் வரட்டும், அப்போது ஒன்றை மட்டும் பாருங்கள். போன தடைக்காலத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுச் செய்த வேலையில் எதை இந்தத் தடவை உங்கள் கையாலேயே செய்கிறீர்கள்? ஜிபிஎஸ் விஷயத்தை "அவ்வளவுதான்" என்று தள்ளிவிட்டீர்களே, அதுவரை கடலில் இடம் பார்க்க யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று யோசியுங்கள். கூலி ஆள் என்பதில் இருந்து படகு ஓட்டுகிறவர் என்பதற்குப் போகிற வழியில் அது ஒரு படி.

கேள்வி: வயது 43, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன், கடல்பாசி எடுக்கப் போகிறேன். பொங்கல் முடிந்து மகனின் பழைய ரஃப் நோட்டில் கதை எழுத ஆரம்பித்தேன். ஒன்றுகூட முடியவில்லை, எல்லாம் பாதியில் நிற்கிறது. நோட்டைத் திறக்காத மாதங்களும் உண்டு. வீட்டுக்காரர் "இதில் என்ன வருமானம்" என்கிறார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். ஒரு வருஷம் வீணா? நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.
— வாசகி, பாம்பன்

பதில்: முழுதும் படித்தேன். பொங்கல் முடிந்து எழுதிய முதல் பக்கத்தில் "நீலக்கடல் அழகாக விரிந்து கிடந்தது, அலைகள் தாலாட்டின" என்று இருக்கிறது. அந்தக் கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவர் நீங்கள், உங்களை அது எந்தக் காலத்தில் தாலாட்டியது? அது எங்கேயோ படித்த கடல். ஐப்பசியில் எழுதிய பக்கத்துக்கு வருகிறேன் (பார் என்பது கடலடிப் பாறை, மரிக்கொழுந்து அங்கே எடுக்கிற ஒரு பாசி): "விரலில் சுற்றிய துணி அவிழ்ந்துவிட்டது. மேலே வந்து கட்டலாம், ஆனால் அதற்குள் பக்கத்தில் இருக்கிறவள் அந்தப் பாரில் இருக்கிற மரிக்கொழுந்தை எல்லாம் எடுத்துவிடுவாள். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். வாய் முழுக்க உப்பு. அவளும் பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்தாள்."

இந்த நாலைந்து வரிக்கும் அந்த முதல் வரிக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் கேட்கிற ஒரு வருஷம். இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கும் போட்டி, பசி, கொஞ்சம் சிரிப்பு எல்லாம் ஒரு துணி முடிச்சுக்குள் வந்துவிட்டது, "அவசரமாகக் குனிந்தாள்" என்பதை இங்கே உட்கார்ந்து யோசித்து எழுத எனக்கு வராது. வீணா என்று இதற்கு மேலும் கேட்டால் கோபம்தான் வரும்.

பாதியில் நிற்பதைப் பற்றி ஒன்று கவனித்தேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கதையும் தீவிலும் கரையிலும் நன்றாகப் போகிறது, பெண் வீட்டுக்குள் நுழைந்து மாமியாரோ புருஷனோ வாய் திறக்கப் போகிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. உங்களுக்கு எழுத வராததால் அங்கே நிற்கவில்லை. ஊரில் யாராவது படித்தால் இது நம் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம் அது, நியாயமான பயம்தான். ஒன்று செய்யுங்கள், கதையை அப்படியே தூக்கி வாலிநோக்கத்திலோ மூக்கையூரிலோ வையுங்கள். மாமியாரை அத்தையாக மாற்றுங்கள், மகனை மகளாக்குங்கள். நாலு விவரம் மாறினால் கை தானாக அவிழும். ஒரே ஒரு கதையை எடுத்து அப்படி முடியுங்கள், மற்றவை கிடக்கட்டும்.

நோட்டைத் திறக்காத மாதங்களுக்காக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்பது, அதையும் கையால் மட்டும்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தது யாரோ அதிகாரி இல்லை, உங்கள் பகுதிப் பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது. பாசி எடுக்கிற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி பரிசை வாங்க அமெரிக்கா வரை போய்வந்தது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மீதி நாட்களில் பாசி என்ன செய்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, எழுத்தும் அந்த ஜாதிதான்.

வருமானம்: உண்மையைச் சொல்லிவிடுங்கள். கதைக்குச் சன்மானம் தருகிற பத்திரிகைகள் குறைவு, தருகிற பணமும் ஒரு நாள் பாசிக்குக்கூட நிற்காது. அதை மறைத்து "பின்னால் வரும்" என்று சொன்னால் அவர் வருஷா வருஷம் கேட்பார். சொல்லிவிட்டு, அந்தத் துணி முடிச்சுப் பக்கத்தை ஒருநாள் ராத்திரி அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தண்ணீருக்கு அடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லையே.

கேள்வி: 2026-க்கு பத்து லட்சியங்கள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கலாம் பிறந்த ஊர்க்காரன் என்ற முறையில் இது போதுமா?
— கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்

பதில்: தம்பி, பத்தில் ஒன்பதை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கிற ஒன்றுக்கு நாளைக் காலையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கலாம் ஊர்க்காரர் என்பதற்காக யாரும் மார்க் போடமாட்டார்கள்.

கேள்வி: துபாயில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் ஊர். இந்த ஆண்டு சம்பளம் கூடியது, வீட்டு மாடி எழும்பியது, கடன் அடைந்தது. ஆனால் நாலு வயது மகன் என்னைப் "போன் வாப்பா" என்று கூப்பிடுகிறான், வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை வளர்ச்சி என்று எழுதுவதா?
— வாசகர், கீழக்கரை

பதில்: மாடியும் கடனும் வளர்ச்சிதான், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்கள் ஊரில் எத்தனை மாடிகள் இப்படித்தான் எழும்பின என்று தெரியும். ஆனால் நீங்கள் போட்ட பட்டியலில் இருப்பதெல்லாம் நீங்கள் செய்தவை மட்டும். உங்கள் மனைவியிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். மாடி கட்டும்போது கொத்தனாரிடம் நின்றது யார், பையனைப் பள்ளியில் சேர்க்க அலைந்தது யார், உம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்தது என்று ஞாபகம் வைத்தது யார், சொந்தத்துக் கல்யாணத்தில் உங்கள் இடத்திலும் சேர்த்து நின்றது யார். போனில் கேட்டால் "என்ன இருக்கு, எப்பவும் போலத்தான்" என்பார், விடாமல் கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்காமல் குடும்பத்தின் ஒரு வருஷத்தை நீங்கள் எழுதவே முடியாது, பாதிதான் உங்களிடம் இருக்கிறது.

பையன் விஷயம் கொஞ்சம் கணக்கு. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். நீங்கள் ஏழு மணிக்கு வேலை விட்டு அறைக்கு வந்து போன் எடுத்தால் கீழக்கரையில் எட்டரை, அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கேமரா முன்னால் நிறுத்தி "வாப்பாவுக்கு முத்தம் கொடு" என்றால் எந்தப் பிள்ளைக்கும் எரிச்சல்தான் வரும். காலையில் வேலைக்குப் போகிற வழியில் இரண்டு நிமிடம் ஒரு கதையைக் குரலில் பதிந்து அனுப்புங்கள், தினமும் தொடர்கிற ஒரே கதை. கடலுக்குள் போன ஒரு பூனை, ஏர்வாடிக்குப் போக வழி கேட்கிற ஒரு ஆமை, எது வேண்டுமானாலும். இன்றைக்கு ஆமை எங்கே நின்றது என்று அவன் கேட்க ஆரம்பித்தால் பேசுவதற்கு உங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் இருக்கும். முகம் பார்க்காத வாப்பாவை விட விஷயம் இல்லாத வாப்பாதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். கதை சொல்லத் தெரியாது என்று தப்பிக்க வேண்டாம், நாலு பக்கத்துக்கு இவ்வளவு நன்றாகக் கடிதம் எழுதியவர் நீங்கள்.

"போன் வாப்பா" என்ற பெயர் மட்டும் சீக்கிரம் போகாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் இந்த ஆண்டு சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்த அக்காவிடம் சில வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது, சித்திரையில் பேசிவிட்டோம். அதைத் தவிர ஒன்றுமில்லை.
— வாசகர், உச்சிப்புளி

பதில்: அதைத் தவிர! எட்டு வரிக் கடிதத்தில் தலைப்புச் செய்தியைக் கடைசியில் வைத்து அதற்கு ஒரு "தவிர" வேறு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள், நடுவில் மண்டபத்தோடு இறங்கி பஸ் பிடித்து அலைந்தோம் என்று ஊரே பேசியது. உங்கள் வீட்டிலும் அதை ஒட்டி வந்த சித்திரையில் வழி திறந்திருக்கிறது, நீங்கள்தான் பேசவில்லை. யார் முதலில் போன் செய்தது என்று எழுதவில்லையே, அதையும் எழுதுங்கள். அக்கா என்றால் அடுத்த பொங்கலுக்கு நீங்கள்தான் சீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். போகும்போது பழைய சண்டையின் நியாயத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்த ஆண்டு எங்கள் பக்கத்து முதியவர்களிடம் அம்பாப் பாட்டுகளைக் கேட்டு போனில் பதிந்து வருகிறேன். "மெமரி நிறைந்துவிட்டது, தேவையில்லாததை அழிக்கலாமா மாமா" என்று மருமகள் கேட்கிறாள். இது ஒரு வேலையா, வயதான காலத்துப் பொழுதுபோக்கா?
— வாசகர், தொண்டி

பதில்: அழிக்கவே கூடாது, முதல் காரியமாக இன்றைக்கே மகனையோ மருமகளையோ விட்டு ஒரு பென்டிரைவிலும் ஒரு கம்ப்யூட்டரிலும் ஏற்றச் சொல்லுங்கள், இரண்டு இடத்தில் இருக்கட்டும். அம்பா, துடுப்புப் போடவும் வலை இழுக்கவும் தோணி தள்ளவும் பாடின பாட்டு. இன்ஜின் வந்த பிறகு துடுப்புக்கு வேலை குறைந்தது, அப்புறம் பாட்டுக்கு எங்கே வேலை? கரைவலை இழுக்கிற சில இடங்களில் இன்னும் காதில் விழுகிறது. நீங்கள் பதிந்து வைத்த முதியவர்களோடு முடிந்துபோகிற வரிகள் அதில் எத்தனையோ இருக்கும்.

வேலையா பொழுதுபோக்கா என்பது நீங்கள் அதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. "பாட்டு 1", "பாட்டு 2" என்று போனில் கிடந்தால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் விளங்காது. ஆசிரியராக இருந்தவருக்கு வருகைப் பதிவேடு எழுதத் தெரியாதா என்ன. எந்த ஊர், என்ன வேலைக்குப் பாடியது, எந்தக் காற்றுக் காலத்தில், யாரிடம் கற்றது, இழுக்கிற கை எந்த இடத்தில் மாறுகிறது, எல்லாரும் சேர்ந்து பாடுகிற வரி எது, இவ்வளவையும் எழுதுங்கள். பாடுகிறவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பதிந்திருந்தால் இன்னொரு முறை கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள், வேகமே வேறாக இருக்கும். பாம்பனில் மீனவர்களுக்கென்று 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி இருக்கிறது, கடலோர மக்களின் குரலைத்தான் ஒலிபரப்புகிறார்கள், அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

கெட்ட வார்த்தை வருகிற பாட்டுகளைப் பதியாமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றையும் பதியுங்கள் சார். இழுக்கிறவன் களைப்பு தெரியாமல் இருக்கப் பாடினது அது, வெட்டிவிட்டால் மிஞ்சுவது பாடப்புத்தகத்துக்குத்தான் ஆகும். ஒலிபரப்புவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். பாடியவரிடம் பெயர் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் ஊரும் வயதும் போதும்.